உன் அப்பாவிடம் வள்ளம் இருந்ததில்லை

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இந்தக் கிழமை எனக்கு உன்மேல் அவ்வளவு அன்பு வரவில்லை. வெறும் மகனுக்கு என்றே வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். "அம்மா, நீங்கள் அப்பவே சொன்னது சரி. குழு, பாட்டு எல்லாம் முடிஞ்சுது. நெல் அறையிலை கிடக்கிற சாமானுகளை ஆருக்காவது குடுத்துவிடுங்கோ. கலியாணத்துக்குப் பிறகு உதெல்லாம் வேண்டாமெண்டு பொம்பிளை வீட்டு மாமா நினைக்கிறார்." ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நான் சொன்னது சரி என்கிறாய். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனில் எடுத்தால் நீ "ம்" என்பாய், "சரி அம்மா" என்பாய், பிறகு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். அதனால் அச்சகத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், செத்தவர்களுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிற அதே கணினியில் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் எந்தக் கதிரையில் இருக்கிறாயோ அதிலேயே இருந்து கடைசிவரை வாசி.

உன் இசைக்குழுவைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை ஒரு நாளும் ஒளித்ததில்லை. மூன்று பேர் நீங்கள். நீ கிற்றாரும் பாட்டும். பக்கத்து வளவுச் சுதன், நாலு கம்பி மட்டும் உள்ள இன்னொரு கிற்றார். மற்ற இரண்டு கம்பியும் எங்கே தம்பி என்று கேட்டதற்கு அவன் இன்றைக்கும் என்னோடு கோபம். மூன்றாவது அன்ரன், முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்க வந்து கிளிநொச்சியில் பெரியம்மா வீட்டில் நின்றவன், மாதா கோயில் ஊர்வலத்தில் மேளம் அடித்துப் பழகிய கையோடு உங்களிடம் வந்து மாட்டியவன். நெல் அறையை உங்களுக்கு விட்டுவிட்டுக் காலபோக நெல்லை விறாந்தையில் படங்குக்குக் கீழே அடுக்கினேன். அந்த மாரி மழையில் அடி மூட்டைகள் முளைத்துவிட்டன. முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக் கொண்டுவந்து காட்டினால், ஒரு நிமிடம் பொறுங்கோ அம்மா, ஒலிப்பதிவு போகுது என்றாய். குழுவின் பெயரைக் கேட்டேன். கழிவு வாய்க்கால் என்றாய். எங்கள் உருத்திரபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால் எத்தனையோ இருக்க, வயல் வேண்டாமென்று தள்ளுகிற தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்துப் பெயர் எடுத்தீர்கள். பெயராவது பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன். இது என்ன வகைப் பாட்டு என்றால் றொக் என்றான் சுதன். சுயாதீன இசை என்று நீ அவனைத் திருத்தினாய். யாரிலும் தங்கியிராத இசையாம். மூன்று பேருக்கும் மூன்று நேரச் சாப்பாடு என் குசினியில்.

உங்கள் முதல் கச்சேரி சுதனின் மச்சாள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. சனம் கேட்டது நாலு சினிமாப் பாட்டு. நீங்கள் படித்தது நீங்களே கட்டிய பாட்டு, அதுவும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, மூச்சு விடாமல். பந்தியில் இருந்தவர்கள் வடையைக் கையில் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் வீடியோக்காரர் மேடைக்கு வந்து, தம்பிமார், சத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் வாசிக்கிற மாதிரி நில்லுங்கோ, பாட்டை நான் பிறகு போடுவன் என்றார். நீங்களும் நின்றீர்கள். அந்த வீடியோ இப்போதும் சுதன் வீட்டில் இருக்கிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பாட, பின்னாலே ஏதோ சினிமாப் பாட்டில் ஒரு பெண் குரல் குழைகிறது. நான் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன், அயலட்டையில் ஒரு வீடு விடாமல் சொல்லியும் சிரித்தேன். பெற்ற தாய் அப்படிச் சிரிக்கலாமா என்று சுதனின் தாய் கேட்டாள். சிரிக்கக்கூடாதுதான். ஆனால் எனக்கு உன் குழுவைக் கேவலமாகப் பார்க்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அந்த வீடியோ அதைக் கொண்டுவந்து கையில் தந்தது. உண்மையான காரணம் வேறு. அது உன் முதல் பாட்டு.

அந்தப் பாட்டின் கதை உனக்குத் தெரிந்த அளவுக்கு முதலில் சொல்கிறேன். இந்த அச்சகத்தில் நான் இருபது வருடத்துக்குக் கிட்ட வேலை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் இங்கேதான் அடிக்கிறோம். படம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, தேவாரம், அதற்குப் பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். புலம்புகிறது யார்? நான். செத்த வீட்டுக்காரர் வந்து பெயரையும் படத்தையும் தந்துவிட்டுப் போவார்கள். மிச்சம் கணினியில் கோப்பாகக் கிடக்கிறது. தாய் என்றால் குலவிளக்கு. தகப்பன் என்றால் ஆலமரம். வயலோடு இருந்தவருக்கு ஒரு புலம்பல், கடலோடு இருந்தவருக்கு ஒரு புலம்பல், உத்தியோகத்தருக்கு ஒரு புலம்பல். பெயரை மாற்றினால் ஆள் தயார். பிள்ளைக்குச் சாப்பாடு போடாத தகப்பனையும் ஆலமரம் ஆக்கியிருக்கிறேன், மருமகளை அடுப்படியில் வைத்து அரைத்த மாமியையும் குலவிளக்கு ஆக்கியிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் செத்தவர்கள் எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிட்ட கை இது. உன் பாட்டைக் கேலி செய்த கையும் இதுதான் என்பதை மறந்துவிடாதே.

உன் அப்பா போனபோது கல்வெட்டு அடிக்க வேறு ஆள் தேடவில்லை. அதில் பிள்ளைகள் புலம்பல் உன் பெயரில்தான் இருந்தது, எங்களுக்கு நீ ஒருவன்தானே. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தன்று சாப்பாட்டுக்கு முன்னால் கந்தையா மாமா புத்தகத்தைக் கையில் எடுத்து இராகம் இழுத்துப் படித்தார். உன் பெயரைச் சொல்லி, "அலைகடல் தாண்டி அன்னம் தந்த அப்பாவே, உன் வள்ளம் இனி எந்தக் கரை சேரும்" என்று படித்தார். இரண்டு ஏக்கர் வயலும் இரண்டு சில்லு உழவு மெசினும் வைத்திருந்த மனிதனுக்கு வள்ளம். கடற்கரைக்குப் போனாலும் காற்சட்டை நனையும் என்று செருப்போடு தூர நிற்கிற மனிதனுக்கு. சனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதது. வள்ளம் என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. உன் காதில் மட்டும் விழுந்தது. உனக்குப் பத்தொன்பது வயது. பந்தி முடியுமுன் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், இது என்னம்மா என்று கேட்டாய். மணியண்ணை கோப்பை மாற்றிப் போட்டுவிட்டார் என்று நான் சொன்னேன். பக்கங்களைக் கோத்து அச்சுக்கு ஏற்றுகிறவர் அவர்தான். அடுத்த நாள் காலையில் நீ அச்சகத்துக்குள் வந்து ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய சேட்டைப் பிடித்துத் தள்ளினாய். அவர் கடதாசிக் கட்டுகளின்மேல் விழுந்தார், கண்ணாடி ஒரு பக்கம் உடைந்தது. அவர் உன்னைத் திருப்பித் தள்ளவில்லை. எழும்பி, கண்ணாடியைத் துடைத்து, ஒற்றைக் கண்ணாடியோடு அன்றைய வேலையைச் செய்தார்.

நாலு மாதம் கழித்து நெல் அறையில் இருந்து அந்தப் பாட்டு வெளியே வந்தது. வள்ளம் இல்லை எங்களிடம், வலையும் இல்லை. அப்படித்தான் தொடங்கும். நாலு நாலு வரியாக மூன்று அடி: முதல் அடியில் இல்லாத வள்ளம், இரண்டாம் அடியில் அச்சுக்காரன் மாற்றிப் போட்டான் என் அப்பாவை என்று மணியண்ணைக்கு ஏச்சு, மூன்றாம் அடியில் அப்பா. எனக்குத் தொடக்கம் மட்டும் போதுமாயிருந்தது. அந்த ஒரு வரி சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வரும்போதெல்லாம் குழம்புச் சட்டியைத் தடார் என்று வைப்பேன், வானொலியைக் கூட்டுவேன். வருடக்கணக்காக நான் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்கவில்லை. கேட்காமலே அது குப்பை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கேட்க வைத்தது யார் தெரியுமா? மணியண்ணை. போன வருடம் ஒரு நாள் கல்வெட்டு மடித்துக்கொண்டு இருந்தவர் முணுமுணுத்தார், தனக்கு விழுந்த ஏச்சையும் சேர்த்து, இராகம் பிசகாமல். மூன்றாம் அடியையும் அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். வைத்தியர் வேண்டாமென்ற சீனியைத் தேத்தண்ணீருக்குள் களவாகப் போடுகிற அப்பா. உழவு மெசின் உயிர் பிடிக்காவிட்டால் அதோடு மரியாதையாகக் கதைக்கிற அப்பா. மழைக்குத் தான் நனைந்துகொண்டு குடையை விதைநெல்லுக்குப் பிடித்த அப்பா. நான் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கல்வெட்டில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். ஆயிரம் பேருக்குப் புலம்பிய நான் எழுதாததை நீ எழுதியிருந்தாய்.

அப்படி ஒரு பாட்டைக் கொண்டுபோய் என்ன செய்தாய்? அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை. இணையத்தில் போட்டீர்கள், பிள்ளைகள் கேட்டார்கள், யாழ்ப்பாணத்தில் இரண்டு மேடை கிடைத்தது. பிறகு கொழும்பில் இருந்து கச்சேரி ஒழுங்கு செய்கிற ஒரு தாடிக்காரர் வந்தார். கைத்தறிச் சால்வை, வெறுங்கால். முற்றத்துச் சூட்டில் துள்ளித் துள்ளி நடந்தார், செருப்புக் கொடுத்தாலும் வாங்கவில்லை. இந்த மண்ணின் வலி, இந்த மண்ணின் வலி என்று சொல்லிக்கொண்டே என் கையால் மூன்று தரம் மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். அவர் உங்களைக் கொழும்பில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் ஏற்றினார். மரத்துக்கு மரம் சின்ன விளக்கு, கையில் கிளாஸோடு சனம். யுத்தத்தின் கடைசி நாட்களில் கடலோடு போன ஒரு தகப்பனுக்கு மகன் பாடும் பாடல் என்று ஒலிவாங்கியில் சொன்னார். வள்ளம் இல்லை என்று நீ பாடினால், தப்பிப்போக வள்ளம் இல்லை என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். நீ பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் அச்சகத்தில் எல்லாரோடும் சேர்ந்து அதைப் போனில் பார்த்தேன், நீ பாடிய முதல் வரியோடு எழும்பிப் போய்விட்டேன். உன் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில், நான் கஞ்சிப் போத்தலோடு படி ஏறி வருவதற்குள், மாரடைப்பில் போன மனிதன். அந்தச் சாவு உனக்குப் போதாமல் போய்விட்டது. வேறு வீட்டுச் சாவை எடுத்து அவருக்குப் போர்த்தினாய். அந்தக் கடலில் உண்மையாகவே தமையனைக் கொடுத்தவன் அன்ரன், உனக்குப் பின்னால் இருந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தை வீடியோவில் திரும்பப் போட்டுப் பார். எனக்குத் தெரிந்த வெட்கங்களில் பெரிய வெட்கம் அது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வாசித்த பக்கத்தைத் திரும்ப வாசிக்கிற மாதிரி. ஒரு பத்திரிகையில் படம், ஒரு நீளமான கட்டுரை. கடலில் தொலைந்த தந்தை என்று அதில் எழுதியிருந்தார்கள், அதையும் வெட்டி எனக்கு அனுப்பினாய். எங்கே போனாலும் அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டார்கள். புதுப்பாட்டு ஒன்றும் உனக்கு வரவில்லை. வந்தவையும் அந்தத் தாடிக்காரருக்குப் பிடித்த மாதிரி வலி, மண், வேர் என்று ஊதிப்போன பாட்டுகள், என் புலம்பல் கோப்புகளே பரவாயில்லை. பிறகு வெளிநாட்டு விழா ஒன்று அழைத்தது. அன்ரனுக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. நீயும் சுதனும் அவனை விட்டுவிட்டு, அவன் அடித்த தாளத்தைக் கணினியில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். அவனை இங்கே விட்டுவிட்டு அவன் கையை மட்டும் கொண்டுபோனீர்கள். திரும்பி வந்து நீ கூப்பிட்டபோது அவன் வரவில்லை; ஊரில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்திக்கொண்டு இருக்கிறான், பெரியம்மா வீட்டுக்கு வந்து என்னைக் கண்டால் இப்போதும் சைக்கிளை விட்டு இறங்கி அம்மா என்பான். கடைசிக் கச்சேரிக்கு வந்தது பதினொரு பேர், அதில் இரண்டு பேர் கதிரை எடுக்க வந்தவர்கள் என்று நீதான் சொன்னாய். சுதனுக்கு வங்கியில் வேலை. உனக்கு விளம்பரக் கம்பனியில். போன மாதம் வானொலியில் பால்மாவுக்கு ஒரு பாட்டுப் போனது. முதல் சத்தத்திலேயே உன் குரல் என்று பிடித்துவிட்டேன். குடும்பம் குதூகலமாம், கிண்ணம் நிறையப் பாலாம். நல்ல வடிவாகத்தான் பாடியிருந்தாய். நான் வானொலியை நிற்பாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

இனி உன் குரல்பதிவுக்கு வருகிறேன். மாமா விரும்பவில்லை என்றாய் அல்லவா? நான் ஓமந்தையில் பெண் வீட்டுக்குப் போன் எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது என்பாய், எடுத்துவிட்டேன். கலியாண விசயமெல்லாம் கதைத்துவிட்டு, பெடியன் பாட்டை விட்டுவிட்டானாம், உங்களுக்கு இப்போது நிம்மதிதானே என்று சாடையாகப் போட்டுப் பார்த்தேன். அந்த மனிதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எப்ப சம்மந்தி விடச் சொன்னனான்? அவர் பாட்டுப் படிச்சால் படிக்கட்டும். வயல் நேரத்துக்கு ஒரு கை தந்தால் காணும்" என்றார். பிறகு நீ கட்டப்போகிற பிள்ளை போனை வாங்கி, ஏன் மாமி விட்டவர், எனக்கும் ஒண்டும் சொல்லேல்லை என்று என்னிடமே கேட்டது. நான் என்ன சொல்ல? என் மகன் ஒரு கோழை, தன் பயத்தைத் தூக்கி உன் தகப்பன் தலையில் வைத்திருக்கிறான் என்றா சொல்ல? பிறகு சொல்லுவான் பிள்ளை என்று வைத்துவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ அதற்கும் மேலே, கூடத்தையே கண்ணால் காணாமல் கோணல் என்கிறாய். உன்மேல் எனக்கு அவ்வளவு இளக்காரம் வந்தது. அந்த இளக்காரத்தோடு என் கதிரையில் வந்து இருந்தேன். மூன்று முழத் தூரத்தில் மணியண்ணை மடித்துக்கொண்டு இருந்தார். அப்போதுதான் இந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று உறைத்தது.

மகன், கோப்பை மாற்றியது மணியண்ணை இல்லை. அப்பாவின் கல்வெட்டில் உன் பெயரில் வந்த புலம்பலை எடுத்துப் போட்டது நான். கடற்கரை மனிதர் ஒருவருக்கு அதற்கு முதல் மாதம் அடித்தது. பெயரை மாற்றினேன், வள்ளத்தை மாற்றவில்லை. அதுகூடப் பிழைதான், யாருக்கும் வரும். ஆனால் அச்சுக்குப் போகுமுன் மணியண்ணை பிழை திருத்தப் பார்வைப்படியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் வாசித்தேன். வள்ளம் என்ற சொல்லைக் கண்டேன். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கண்டேன். அதை வெட்டினால் அந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றி வேறொரு வரி எழுத வேண்டும், எனக்கு ஒன்றும் வரவில்லை. இருபத்து மூன்று வருடம் ஒரே பாயில் படுத்த மனிதனைப் பற்றி ஒரு வரி வரவில்லை. மற்றவர்களின் கண்ணீரை அளந்து அளந்து அடித்துக் கொடுத்து, என்னுடையதைத் தேடினால் ஆலமரமும் குலவிளக்கும்தான் வந்து நின்றன. யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். நீ கேட்டபோது வாயில் வந்தது மணியண்ணையின் பெயர். நீ அவரைத் தள்ளியபோது நான் இதே கதிரையில்தான் இருந்தேன். பாட்டில் அவருக்கு ஏச்சு வந்தபோதும் நான் இதே கதிரையில்தான் இருந்தேன். உன் பாட்டை நான் ஏன் வெறுத்தேன் என்று இப்போது விளங்குகிறதா? அது நல்ல பாட்டு என்பதாலும் அதில் ஏச வேண்டிய ஆள் நான் என்பதாலும்.

நேற்று மத்தியானம் அவருடைய மேசைக்குப் போய் நின்று சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் பிள்ளை. கையெழுத்து வைச்ச பார்வைப்படி என்னட்டைத்தானே வந்தது" என்றார். பிறகு ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். புருசன் செத்த பிள்ளையோடு என்ன வழக்குப் பேசுகிறது என்று நினைத்தாராம், பிறகு நாள் போய்விட்டதாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் தலையை நிமிர்த்தினார். "பெடியன் தள்ளினது எனக்கு நோகேல்லை. தேப்பன் செத்த பிள்ளை, அவன் தள்ளுவான். நீர் இருந்து பாத்துக்கொண்டிருந்தீர். அதுதான்." அவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். ஒன்பது வருடம் அந்த மனிதன் எனக்குப் பக்கத்தில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறார்.

ஆகவே நீ பாட்டை விடுகிறாயா, வைத்திருக்கிறாயா என்பதில் நான் இனிச் சொல்ல ஒன்றுமில்லை. விடுகிறவர்கள் விடுகிறார்கள், வயலை விட்டவர்களும் இருக்கிறார்கள், கடலை விட்டவர்களும் இருக்கிறார்கள், அதில் அவமானம் இல்லை. பதினொரு பேருக்கு முன்னால் பாடக் கூச்சமாக இருக்கிறது என்று சொல். அந்தப் பாட்டு இப்போது பொய்யாகிவிட்டது, வாயில் எடுக்க முடியவில்லை என்று சொல், அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதை முதலில் அந்தப் பிள்ளைக்குச் சொல், தாலி கட்டுவதற்கு முன்னால் சொல், ஏனென்றால் தன் தகப்பன் மீது பொய் சொன்னவனை அவள் ஒரு நாள் கண்டுபிடிப்பாள். பிறகு முல்லைத்தீவுக்குப் போய் அன்ரனைப் பார். அவன் தமையனைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேள். நீ கேட்டதே இல்லை என்று அவன் பெரியம்மா சொன்னார். அவன் அடிக்க வந்தால் வாங்கிக்கொள். நீ அடித்த ஆள் வாங்கிக்கொண்டார்.

நெல் அறையில் கிடக்கிற சாமான்களை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். இந்தப் போகத்து நெல்லையும் விறாந்தையில்தான் போட்டிருக்கிறேன். வா, அன்ரன் வந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு வா. மணியண்ணைக்கு ஒரு கதிரை போடுகிறேன், எனக்கும் ஒன்று. தாடிக்காரர் வேண்டாம், கிளாஸ் பிடிக்கிற சனமும் வேண்டாம். முதல் அடியைப் பாடு. மூன்றாம் அடியைப் பாடு. நடுவில் மணியண்ணையை ஏசுகிற அடியை எடுத்துவிட்டு, கீழே இருக்கிறதைப் போடு. கோப்பில் இருந்து எடுக்காமல் நான் எழுதிய முதல் நாலு வரி இது. ஒரு இரவும் ஒரு பகலும் எடுத்தது. தாளத்துக்குப் பொருந்தாவிட்டால் தாளத்தை மாற்று, சொல்லை மாற்றாதே.

அச்சுக்காரன் ஒன்றும் செய்யவில்லை.
பேனையோடு இருந்தவள் என் அம்மா.
வள்ளத்தைக் கண்டாள், என் அப்பாவைத் தேடினாள்,
ஒன்றும் வரவில்லை, கையெழுத்து வைத்தாள்.

எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை ஒரு தரம் பாடு. பிறகு நிறுத்துவதென்றால் நிறுத்து.

அம்மா